ஸ்பெக்டர், மெல்ட்டவுன்: கர்னலை மட்டும் புதுப்பித்தால் போதாது

ரேமிலிருந்து ஒரு மதிப்பு செயலிக்கு வந்து சேர ஏறத்தாழ 200 சைக்கிள் ஆகிறது. அதுவரை செயலி காத்திருப்பதில்லை. நிரல் அடுத்து எந்தக் கிளையில் போகும் என்று ஊகித்து, அந்தக் கிளையின் கட்டளைகளை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கிறது. ஊகம் தப்பினால் ரெஜிஸ்டரில் செய்த மாற்றங்களைக் கைவிட்டுவிடும். ஆனால் அந்த ஓட்டத்தில் கேஷுக்குள், அதாவது செயலியில் இருக்கும் வேகமான சிறு நினைவகத்துக்குள், வந்த தரவு அங்கேயே தங்கிவிடும். 2018 ஜனவரி 3 அன்று வெளியுலகுக்குத் தெரிந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலிப் பாதுகாப்பு ஓட்டைகள் இரண்டுக்கும் இந்த மிச்சம்தான் வேர்.

ஸ்பெக்டரின் முதல் வகையைப் பார்ப்போம். ‘இந்த எண் அணியின் நீளத்தைவிடச் சிறியதா’ என்று சோதித்துவிட்டு அணியை, அதாவது வரிசையாக வைத்த மதிப்புகளின் தொகுப்பை, படிக்கும் நிரல் ஒன்று இருக்கிறது. தாக்குபவர் முதலில் சரியான எண்களையே திரும்பத் திரும்பக் கொடுத்து, சோதனை எப்போதும் வெற்றிபெறும் என்று செயலியைப் பழக்குகிறார். பிறகு நீளத்தைக் கேஷிலிருந்து வெளியேற்றிவிட்டு, எல்லை மீறிய எண்ணைக் கொடுக்கிறார். நீளம் ரேமிலிருந்து வந்து சேர்வதற்குள் செயலி உள்ளே போய், படிக்கக் கூடாத ஒரு பைட்டைப் படித்து, அதை 4096 ஆல் பெருக்கி, இரண்டாவது அணியில் அந்த இடத்தைத் தொட்டுவிடுகிறது. ஒரு பைட்டுக்கு 256 வாய்ப்புகள். ஆகவே அந்த அணி தலா 4096 பைட் கொண்ட 256 நினைவகப் பக்கங்கள், மொத்தம் 1 எம்பி. ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க எடுக்கும் நேரத்தை அளந்தால் ஒன்று மட்டும் சட்டென்று வரும். அந்தப் பக்கத்தின் எண்தான் ரகசிய பைட்.

கேஷுக்குள் தரவு வரும் அலகான கேஷ் வரி 64 பைட்தானே, 4096 எதற்கு என்று கேட்கலாம். அடுத்தடுத்த வரிகளைத் தானாக இழுத்துவரும் முன்கொணரி, பொதுவாகப் பக்க எல்லையைத் தாண்டாது. 64 பைட் இடைவெளி வைத்தால் தொடாத வரிகளும் கேஷுக்குள் வந்து அளவீட்டைக் குழப்பிவிடும்.

மெல்ட்டவுனுக்குக் கிளை ஊகமே தேவையில்லை. பாதிக்கப்பட்ட இன்டெல் செயலிகளில், இயங்குதளத்தின் மையமான கர்னலின் பக்கத்தைப் படிக்க அனுமதி இல்லை என்ற தடை நடைமுறைக்கு வருவதற்குள், படித்த மதிப்பு அடுத்த கட்டளைகளுக்குப் போய்விடுகிறது. இப்படி நொடிக்கு 503 கேபி வரை படிக்க முடிந்ததாக ஆய்வாளர்கள் காட்டினார்கள். லினக்ஸ் 4.15 இல் வந்த கேபிடிஐ என்ற தடுப்பு, பயனர் நிரல் ஓடும்போது கர்னல் பக்கங்களை அநேகமாக முழுவதும், எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்க அட்டவணையிலிருந்து எடுத்துவிடுகிறது. நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால் ஒவ்வொன்றுக்கும் அட்டவணை மாற வேண்டும் என்பதால், சின்னச் சின்னப் படிப்பும் எழுத்தும் நிறைந்த டேட்டாபேஸுக்கு அடி பலமாக விழும். வெறும் கணக்கீட்டு வேலைக்கு அநேகமாகத் தெரியாது.

ஸ்பெக்டர் முதல் வகைக்கு இப்படி ஒரே இடத்தில் முடியும் தீர்வு இல்லை. ஆபத்தான இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, எண் எல்லை மீறினால் அதைச் சுழியமாக்கும் முகமூடியைக் கணக்கீட்டின் மூலமாகவே போட வேண்டும். கிளை இல்லாத இடத்தில் தப்பாக ஊகிக்கவும் ஒன்றுமில்லை. முந்தைய கட்டளைகள் முடியும்வரை அடுத்தவற்றை நிறுத்திவைக்கும் எல்ஃபென்ஸ் கட்டளையும் தடுக்கும். ஆனால் எல்லா இடத்திலும் போட்டால் வேகம் படுத்துவிடும்.

செயலியின் உள் பஃபர்களிலிருந்து தரவு கசியும் எம்டிஎஸ் என்ற ஓட்டை வகை 2019 மே மாதம் வெளியானது; அதற்குக் கர்னல் மட்டும் போதவில்லை. அந்தப் பஃபர்களைத் துடைக்க கர்னல் விஇஆர்டபிள்யூ கட்டளையைக் கூப்பிடுகிறது. செயலிக்குள்ளேயே ஓடும் உள்நிரலான மைக்ரோகோடு புதியதாக இல்லாத செயலியில் அந்தக் கட்டளை எதையும் துடைக்காது. 2023 ஆகஸ்டில் வந்த டவுன்ஃபால் என்ற ஓட்டைக்கும் மைக்ரோகோடுதான் முறையான மருந்து. ஸ்கைலேக் முதல் டைகர்லேக் வரையிலான இன்டெல் செயலிகளில், நினைவகத்தில் சிதறிய மதிப்புகளைத் திரட்டும் கேதர் கட்டளையை நம்பியிருக்கும் சில வேலைகள் 50% வரை மெதுவாகலாம் என்று இன்டெல்லே சொன்னது.

உங்கள் லினக்ஸ் கணினியில் சிஸ் கோப்பகத்துக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியு, வல்னரபிலிட்டீஸ் என்று இறங்கினால் ஓட்டைக்கு ஒரு கோப்பு இருக்கும். எல்லாவற்றையும் படியுங்கள். ‘மிட்டிகேஷன்’ என்று தொடங்கினாலும் வரியைக் கடைசிவரை பார்க்க வேண்டும். ‘எஸ்எம்டி வல்னரபிள்’ என்று பின்பாதியில் ஒளிந்திருக்கலாம். ஒரே கோரின் இரண்டு த்ரெட்களுக்கு இடையே கசிவு இன்னும் சாத்தியம் என்று அதற்குப் பொருள். ‘நோ மைக்ரோகோட்’ என்று இருந்தால் டெபியன், உபுண்டுவில் இன்டெல் மைக்ரோகோட் அல்லது ஏஎம்டி64 மைக்ரோகோட் பொதியை நிறுவி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து ரீபூட் செய்யுங்கள். டெபியன் 12 முதல் இவை நான்ஃப்ரீ ஃபர்ம்வேர் பிரிவில் உள்ளன; அந்தப் பிரிவைச் சேர்க்காவிட்டால் பொதி கண்ணில் படாது. இப்படி ஏற்றும் மைக்ரோகோடு மின்சாரம் போனதும் அழிந்துவிடும், ஒவ்வொரு பூட்டிலும் மறுபடி ஏற வேண்டும். அதனால்தான் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அது இருப்பது முக்கியம்.

மெய்நிகர் கணினிக்குள் மைக்ரோகோடை நிறுவிப் பயனில்லை, அதை ஓட்டும் ஹோஸ்ட் கணினியில்தான் ஏற்ற வேண்டும். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் க்யூஇஎம்யூவில், செயலியின் வசதிகளைக் காட்டும் புதிய கொடிகள் உள்ளே தெரிய, கெஸ்டை, அதாவது மெய்நிகர் கணினியை, முழுவதும் அணைத்துவிட்டுத் துவக்க வேண்டும். உள்ளிருந்து செய்யும் ரீபூட் போதாது.

வேகத்துக்காக, இந்தத் தடுப்புகளை அணைக்கும் ‘மிட்டிகேஷன்ஸ் ஆஃப்’ என்ற கர்னல் அளவுருவைப் போடச் சொல்லும் ஆலோசனைகள் நிறையச் சுற்றுகின்றன. வெளியார் நிரல் எதுவும் ஓடாத, தனித்த கணக்கீட்டு இயந்திரத்தில் வேண்டுமானால் யோசிக்கலாம். பிரவுசர் ஓடும் கணினியிலும், பலர் பகிரும் சர்வரிலும் கூடவே கூடாது. ஜாவாஸ்கிரிப்டும் அடுத்தவர் எழுதிய நிரல்தான்.

மைக்ரோகோடே தொல்லை தருவதும் உண்டு. 2018 ஜனவரியில் பிராட்வெல், ஹாஸ்வெல் செயலிகள் தாமாகவே ரீபூட் ஆனதால், வெளியிட்டதை நிறுவ வேண்டாம் என்று இன்டெல் 22ஆம் தேதி கேட்டுக்கொண்டது. எனவே முதலில் ஒரே ஒரு சர்வரில் ஏற்றி, சில நாள் ஓடவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். பூட்டே ஆகாமல் நின்றுவிட்டால், கர்னல் மைக்ரோகோடு ஏற்றுவதைத் தடுக்கும் அளவுருவை பூட் மெனுவான க்ரப் திரையில் கொடுத்து உள்ளே வந்து, பழைய பொதிக்குத் திரும்பலாம்.