கொள்ளிடம் முதல் மனோரா வரை: கோடையில் படகு கட்டும் இடங்கள்

சித்திரை பிறந்த மறுநாள் மச்சானுக்கு வேலை நின்றுவிடும். அக்கா வீட்டுக்காரர் நாகப்பட்டினத்தில் விசைப்படகு டிரைவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்பு 45 நாள்தான். படகைக் கரையேற்றி அடிப்பலகை பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது என்று முதல் சில வாரம் ஓடும். அப்புறம் அவரை வீட்டில் வைத்துக்கொள்ள அக்காவுக்குப் பொறுமை இருக்காது. “மாப்ள, வண்டியைக் கிளப்பு” என்று என் கடை வாசலில் வந்து நிற்பார். வண்டி என்று அவர் சொல்வது என்னுடைய பழைய ஃபைபர் படகை. ஃபைபருக்கும் நாட்டுப்படகுக்கும் தடை கிடையாது. எனக்கு இருப்பதோ படகு பேட்டரிக் கடை. விசைப்படகு நின்றால் என் வியாபாரமும் படுத்துவிடும். அதனால் நானும் மறுத்துப் பேசுவதில்லை.

மீன் பிடிப்பதை விட ராத்திரி படகை எங்கே நிறுத்திப் படுப்பது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி. கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை வரை இந்தக் கரை அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கிறது. ஒதுங்க ஒரு குடா கிடையாது, பாறை மறைவு கிடையாது. இருப்பதெல்லாம் ஆற்று முகத்துவாரங்கள். அதிலும் கோடையில் ஒரு சங்கடம். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12இல்தான் திறப்பார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஆற்றில் தண்ணீர் வராது. உள்ளிருந்து தள்ள வெள்ளம் இல்லாதபோது, சோழகக் காற்று தெற்கிலிருந்து வடக்கே அடித்துக்கொண்டு வரும் மணல் வாயை மூடிக்கொள்ளும். போன வருஷம் நுழைந்த வழி இந்த வருஷம் முழங்கால் தண்ணீராகக் கிடக்கும். சரி, துறைமுகத்துக்குள் போய் நிற்கலாமே என்றால், தடைக்காலத்தில் பழையாறு, காரைக்கால், நாகை எல்லா இடத்திலும் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். சின்னப் படகைச் செருக இடுக்கு கிடைக்காது. எனவே நாங்கள் மணல்திட்டுகளையும் அலையாத்திக் காட்டு ஓரங்களையும் நம்பித்தான் போகிறோம்.

எனக்கு வடக்கே பிடித்த இடம் கொள்ளிடத்தின் வாய். காவிரி காவிரி என்று பாடுகிறோம், ஆனால் மழைக்காலத்தில் பெருவெள்ளம் கடலுக்குப் போவது கொள்ளிடம் வழியாகத்தான். முக்கொம்பில் பிரிந்து வருகிற உபரி எல்லாம் இங்கேதான் இறங்குகிறது. அதனால் வாய் அகலம். கோடையிலும் ஒரு ஓரத்திலாவது ஆழம் இருக்கும். தென்கரையில் பழையாறு துறைமுகம், வடகரையில் கொடியம்பாளையம், அதற்கும் வடக்கே பிச்சாவரத்துக் கால்வாய்கள். துறைமுகத்துக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே வந்து, மணல்திட்டின் மேற்குப் பக்கம் ஒதுங்கினால் கடல் அலை தொடாது.

இங்கே நங்கூரம் போடுவதில் ஒரு கணக்கு உண்டு. இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. வெளிக்கடலில் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் ஆற்று வாயில் அதே தண்ணீர் குறுகின வழியில் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் இழுவை பலமாக இருக்கும். ஒரே நங்கூரத்தில் கிடந்தால் நடு ராத்திரி நீர் திரும்பும்போது படகும் திரும்பி, கயிறு சுற்றி, விடியும்போது திட்டின் மேல் உட்கார்ந்திருப்போம். மச்சான் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கம், ஒரு நங்கூரமும் பின்பக்கம் ஒரு நங்கூரமும் போடுவார். முதலில் கடல் பக்கம் உள்ளதை இறக்கி, கயிற்றைத் தாராளமாக விட்டுப் பின்னால் போய், மற்றதை ஆற்றுப் பக்கம் இறக்கி, அப்புறம் நடுவில் இழுத்துக் கட்டுவார். கட்டிய பிறகு கயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். நங்கூரம் மணலில் நகர்ந்தால் கயிற்றில் ஒரு நடுக்கம் தெரியுமாம். எனக்கு இன்னும் அது பிடிபடவில்லை.

கொள்ளிட வாயில் கோடைக்கு கொடுவா மீன். நீர் ஏறத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம்தான் வேட்டை. வீச்சு வலையில் விழும் இறாலைச் சாகவிடாமல் வாளியில் போட்டு வைப்போம். தலையில் கொம்புக்குக் கீழே, ஓட்டுக்குள் கறுப்பாக ஒரு பொட்டு தெரியும். அந்தப் பொட்டில் படாமல் தூண்டிலைக் குறுக்கே செருகினால் இறால் வெகுநேரம் உயிரோடு துள்ளும். பொட்டில் பட்டால் அதோடு செத்தது. செத்த இறாலைக் கெளுத்திதான் வந்து தின்னும். மிதப்பு எதுவும் வேண்டாம். ஒரு சின்ன ஈயக்குண்டோடு தங்கூசி என்கிற நைலான் தூண்டில் நூலை நீரோடு போகவிட்டு, விரல் மேல் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கொடுவா கொத்துவதில்லை, விழுங்கும். நூல் ஒரு கணம் தொய்ந்து, சட்டென்று ஓடும். படகேற்றிய பிறகு செவுள் மூடியில் கை வைத்துவிடாதீர்கள், ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்குங்கள்.

கலங்கல் தண்ணீரில் காலாவும் உண்டு. ஆனால் அது வலைக்காரர் மீன். தூண்டிலில் நம்பி உட்கார்ந்தால் பட்டினிதான்.

தெற்கே கூழையார் பக்கம் ஆமைக் குஞ்சு பொரிக்கும் காலம் இது. வனத்துறையின் பொரிப்பகம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் கடலை விட்டு மறுபக்கம் நகர்ந்துவிடும் என்பதால், அந்தக் கரையோரம் போகும்போது ராத்திரியில் கரையை நோக்கி டார்ச் அடிப்பதில்லை. மச்சானே ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் விதி இது ஒன்றுதான்.

திருமுல்லைவாசலையும் பூம்புகாரையும் நாங்கள் கடந்து போய்விடுவோம். சோழர் துறைமுகத்தைப் பார்க்காமல் போகலாமா என்று கேட்பவர்கள் பஸ்ஸில் வந்து பார்த்துக்கொள்ளலாம். காவிரி கடலில் சேரும் இடத்தைக் கோடையில் படகிலிருந்து பார்த்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும்.

தரங்கம்பாடி பார்க்க அழகு, படகுக்கு உதவாது. டேனியர்கள் 1620இல் கட்டிய கோட்டையும், கடல் பாதி தின்றது போக மிச்சம் நிற்கும் மாசிலாமணி நாதர் கோயிலும் காலை வெயிலில் கடலிலிருந்து பார்க்கும்போது நன்றாகவே இருக்கும். ஆனால் திறந்த கரை. அலை நேரே வந்து மோதும். கப்பல்காரர்கள் தூரத்தில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் சரக்கு இறக்கியதாகச் சொல்வார்கள், நம்பத் தோன்றுகிறது. எங்களுக்கு இது காலை ஒன்பது மணி வரைக்கான இடம். அந்நேரம் வரை கரைக்காற்று, கடல் தட்டையாகக் கிடக்கும். மூன்று நான்கு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் மணல் தரையில் கிழங்கான் தூண்டிலுக்கு அடிக்கும். இறால் துண்டு சின்னதாக, சுண்டுவிரல் நகம் அளவு போதும். பத்து மணிக்கு மேல் கடல்காற்று எழும்பினால் மூட்டையைக் கட்டிவிட வேண்டும்.

கிழங்கானைப் பிடித்த அன்றே குழம்பு வைக்க வேண்டும். அக்கா ஒரு டப்பாவில் புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் கலந்து கொடுத்துவிடுவார். வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளிக்கரைசல் ஊற்றி, கொதி வந்ததும் புளிப்பு மாங்காய் நாலு கீற்று. மாங்காய் பாதி வெந்த பிறகுதான் மீன். தேங்காய் கூடாது, வெயிலில் ராத்திரிக்குள் கெட்டுப்போகும். தேங்காய் இல்லாத குழம்பு மறுநாள் பழைய சோற்றுக்கு இன்னும் ருசி.

நாகூர், நாகை எங்கள் ஊர், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேளாங்கண்ணியைத் தாண்டினால் செருதூரில் வெள்ளையாற்று வாய். மணல் விட்டிருந்தால் நல்ல ஒதுங்கல், விடாவிட்டால் இல்லை. ஊர்ப்படகுகள் எப்படி நுழைகின்றன என்று வெளியே நின்று பார்த்துவிட்டு, அதே தடத்தில் போக வேண்டும். அதற்குப் பிறகு விழுந்தமாவடி, புஷ்பவனம், ஆறுகாட்டுத்துறை. மச்சானின் சொந்தக்காரர்கள் ஆறுகாட்டுத்துறையில் இருக்கிறார்கள். கரையேற்ற ஆள் உண்டு, சாப்பாடு உண்டு. வேதாரண்யத்து மாம்பழம் வேறு அந்த நேரத்தில்தான். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் மாந்தோப்புகளை அடியோடு சாய்த்துவிட்டது. தப்பின மரமும் புதிதாக வைத்த கன்றும் காய்த்து இப்போது மறுபடி கூடை வருகிறது.

கோடியக்கரையில் கரை வளைகிறது. அதுவரை வடக்குத் தெற்காக ஓடிய கரை மேற்கே திரும்பிவிடும். கோடைக்கு இது முக்கியமான விஷயம். சோழகம் அடிக்கும்போது முனையின் கிழக்குப் பக்கம் ஓரளவு மறைவு, தெற்குப் பக்கம் காற்றை நேரே வாங்கும். ஒரு முனையைத் தாண்டுவதற்குள் இரண்டு கடல் பார்த்துவிடலாம். சுற்றும்போது கரையை ஒட்டிப் போனால் மணல்மேடு, அதிகம் விலகினால் நேரம் போகும். நாங்கள் விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, காற்று எழுவதற்குள் முனையைத் தாண்டிவிடுவோம். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் உதவும். சோழர் காலத்து விளக்கின் செங்கல் மிச்சம் ஒன்று முன்பு இருந்தது, 2004 சுனாமியோடு போயிற்று. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கை எல்லைக் கோடு பக்கம் என்பதால் ஜிபிஎஸ் இல்லாமல் வராதீர்கள். படகுப் பதிவுச் சீட்டும் மீனவர் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். கடலோரக் காவல் படகு மறித்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

முனையைத் தாண்டி மேற்கே போனால் முத்துப்பேட்டை. இந்தக் கரை முழுவதிலும் ஒரே ஒரு இடம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். கொள்ளிடத்துக்குப் பழக்கம் காரணம், முத்துப்பேட்டைக்குக் காரணமே வேண்டாம். பாமணியாறு, கோரையாறு எல்லாம் வந்து கலக்கும் காயல். சுற்றிலும் அலையாத்திக் காடு. பிச்சாவரத்தில் சுரபுன்னையின் தூண் வேர்கள் வளைந்து நிற்குமே, அது இங்கே பெரும்பாலும் கிடையாது. அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து விரல் உயரத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். செருப்பில்லாமல் இறங்கினால் பாதத்தைப் பதம் பார்த்துவிடும்.

காயலில் பல இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். கீழே சேறு. இந்தச் சேற்றில் நான்கு கொக்கி நங்கூரம் பிடிக்காது, உழுதுகொண்டே வரும். உள்ளூர்க்காரர்கள் நீளக் கழி வைத்திருப்பார்கள். அதைச் சேற்றில் ஆட்டி ஆட்டி ஊன்றி, படகை அதில் கட்டிவிடுவார்கள். எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் தொண்டியக்காட்டுப் பெரியவர் ஒருவர். “நங்கூரத்த வீட்ல வச்சிட்டு வாங்க தம்பி” என்றார். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், ராத்திரி உள்ளே தங்க விடமாட்டார்கள். அதனால் பகல் முழுவதும் காயலின் வெளிப்பக்கம் சுற்றிவிட்டு, பொழுது சாய்ந்ததும் தொண்டியக்காட்டுக் கரையில் ஊர்ப்படகுகளோடு கட்டிக்கொள்வோம். கொசு உண்டு. வேப்பிலைப் புகை போட்டாலும் உண்டு.

இங்கே பார்க்க வேண்டியது வாய்க்கால் மீன்பிடி. காட்டுக்குள் ஊர்க்காரர்கள் தலைமுறையாக வெட்டிப் பராமரித்து வரும் வாய்க்கால்கள் இருக்கின்றன. நீர் ஏறும்போது மடவையும் இறாலும் அதற்குள் ஏறும். நீர் திரும்பும் நேரத்தில் வாயில் வலையைக் கட்டிவிட்டால், வடியும் தண்ணீரோடு மீனும் வந்து சேரும். எஞ்சின் வேண்டாம், டீசல் வேண்டாம், துரத்தல் வேண்டாம். கடல் முழுக்கத் தேடித்தேடி இழுவலை இழுக்கும் மச்சான், வரப்பு மேல் குந்தி உட்கார்ந்து அதை வாய் திறக்காமல் பார்ப்பார். “இதுல டீசல் செலவு எவ்வளவுன்னு கணக்குப் போடறேன், மாப்ள” என்று ஒருமுறை சொன்னார். கோடை முற்றினால் ஆற்றுத் தண்ணீர் இல்லாமல் காயலில் உப்பு ஏறிவிடும். அப்போது மீன் கடல் பக்கம் வாய்க்கு நகர்ந்துவிடுகிறது. தூண்டில்காரர்களுக்கு அதுதான் நேரம். வாயின் ஓரத்தில், நீர் வடியும்போது, செப்பிலி பிடிக்கும். கடித்ததும் வேர்ப் பக்கம் ஓடப்பார்க்கும். நூலைத் தளரவிட்டால் மீனும் போச்சு, நூலும் போச்சு.

மேற்கே அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம். நாகைக் கடலில் பழகினவனுக்கு இங்கே கடல் ஏரி மாதிரி தோன்றும். பாக் நீரிணை ஆழம் குறைவு, பெரிய அலை வராது. கடலிலிருந்து அடையாளம் மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்குக் கோபுரம். தஞ்சாவூர் ராஜாவுக்கும் நெப்போலியனுக்கும் என்ன வம்போ, படகோட்டிகளுக்கு நல்ல குறி கிடைத்தது. மனோராவை வடமேற்கில் வைத்துக்கொண்டு தூண்டில் போட்டால் ஓரா கிடைக்கும். தரையெல்லாம் கடற்புல். கடற்பசு மேயும் இடம் இது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். புல்லின் மேல் நங்கூரத்தை இறக்காதீர்கள், இழுக்கும்போது வேரோடு பிய்ந்து வரும். தண்ணீர் தெளிவாக இருப்பதால் மேலிருந்தே வெள்ளை மணல் திட்டு தெரியும், அதில் போட்டால் போதும். ஓராவின் முள் விஷம், துடுப்பை வெட்டிவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

கட்டுமாவடிக்கு அப்பால் நாங்கள் போவதில்லை. ஜூன் முதல் வாரத்திலேயே மச்சானுக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும், ஐஸ் சொல்லணும், டீசல் சொல்லணும், ஆள் சேர்க்கணும் என்று. எனக்கும் அப்போதுதான் கடையில் கூட்டம். ஒன்றரை மாதம் சும்மா கிடந்த பேட்டரி எல்லாம் ஒரே நாளில் சார்ஜுக்கு வரும்.