படிவத்தில் விட்ட ஒரு வரி

பள்ளிக்கும் அகதிக் குடும்பங்களுக்கும் நடுவில் நிற்கும் வேலை என்னுடையது. சேர்ந்த புதிதில், சேர்க்கைப் படிவத்தை ஒரு வரி விடாமல் நிரப்புவதுதான் கடமை என்று நினைத்திருந்தேன். அப்படித்தான் ஒரு நாள் ஓர் அம்மாவிடம், "குழந்தையின் அப்பா எங்கே?" என்று கேட்டேன். அவருக்கு எங்கள் மொழி தெரியாது. கூட வந்த பத்து வயது மகள்தான் மொழிபெயர்த்தாள். அந்தக் கேள்வியை மட்டும் அவள் அம்மாவிடம் சொல்லவேயில்லை. என்னைப் பார்த்து மெதுவாக, "அதை விட்டுடுங்க" என்றாள்.

அதன்பிறகு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை நிறுத்திவிட்டேன். பெரியவர்கள் சுமக்க வேண்டியதை அவர்கள் தலையில் ஏற்றுகிறோம். தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பெரும்பாலும் முடிகிற காரியம்தான். ஆனால் ஒரே மொழி பேசுகிறவர் என்பது மட்டும் போதாது. போரில் எதிர்த் தரப்பில் இருந்தவராகவோ, அதே சிறிய சமூகத்தில் கதை பரப்பக்கூடியவராகவோ இருந்தால் அந்த அம்மா வாயே திறக்க மாட்டார். இவர் பேசலாமா என்று குடும்பத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

இப்போதெல்லாம் முதல் சந்திப்பில் நான் கேட்பது குறைவு, சொல்வதுதான் அதிகம். இந்த விவரங்களை யார் பார்ப்பார்கள், கையெழுத்துக் கேட்கும் காகிதம் எதற்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், கழிப்பறை எந்தப் பக்கம். பள்ளி தொடங்கும் முன் ஒருமுறை அம்மாவையும் பிள்ளையையும் கட்டடம் முழுக்க நடத்திக் கூட்டிப்போவேன். தீயணைப்பு ஒத்திகை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். திடீரென்று அலறும் மணி, குண்டுச் சத்தத்துக்கு நடுவே வாழ்ந்த பிள்ளையை மேசைக்கு அடியில் ஒளிய வைத்துவிடும்.

மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று அலுவலகத்தில் தயங்கினால், 1951 அகதிகள் உடன்படிக்கையின் 22-வது பிரிவைச் சொல்வேன். அதில் இணைந்த நாடு, தொடக்கக் கல்வியில் அகதிகளைத் தன் குடிமக்களைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது அது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர் மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்து வந்திருப்பாரா? பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தாலும் கவனியுங்கள். சரியான நாள் தெரியாதபோது பதிவு செய்பவர்கள் போட்டுவிடும் தேதி அது. ஒரு வகுப்பில் நாலைந்து பேருக்கு ஒரே பிறந்தநாள் வருவது இப்படித்தான்.

ஆசிரியர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது பொறுமையை. விளையாட்டு மைதானத்தில் பேசும் அளவுக்கு மொழி ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகலாம். முதல் சில மாதங்கள் ஒரு பிள்ளை பேசாமலே இருக்கலாம், ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். மந்தம் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். 'என் குடும்பம்' என்று கட்டுரை கொடுத்தால், கூடவே வேறொரு தலைப்பும் கொடுங்கள். அப்புறம், "வீட்டிலும் புது மொழியிலேயே பேசுங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனசு கொதிக்கும். தாய்மொழியில் ஊன்றிய பிள்ளை அடுத்த மொழியையும் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். அதைவிட, அம்மா பேசும் மொழியும் போய்விட்டால் அந்த வீட்டில் யார் யாருடன் பேசுவது?

அந்த அம்மாவை மூன்றாவது முறை சந்தித்தபோது மகள் வகுப்பில் இருந்தாள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர். படிவத்தில் விட்ட வரி அப்படியே இருந்தது, நான் அதைத் தொடவில்லை. "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, மதியம் தன் மகள் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.