மூன்று கோல் முன்னிலையோடு ஃபடோர்டாவுக்கு

2020 மார்ச் 7, சனிக்கிழமை. ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து அரையிறுதியின் இரண்டாவது லெக், அதாவது இரண்டாவது ஆட்டம், இன்று ராத்திரி கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில். போன சனிக்கிழமை சென்னை நேரு ஸ்டேடியத்தில் எஃப்.சி. கோவாவை நம் சென்னையின் எஃப்.சி. 4-1 என்று அடித்து அனுப்பியிருக்கிறது. கோயான், தாபா, சாபியா, சாங்டே என்று ஆளுக்கு ஒன்று. இரண்டாவது பாதியில் அரை மணி நேரத்துக்குள் நான்கும் விழுந்துவிட்டன. "அப்புறம் என்ன, ஃபைனல்தானே?" என்கிறார்கள் ஆபீஸில். அவர்களுக்குக் கோவாவைத் தெரியாது.

85-வது நிமிடத்தில் சேவியர் காமா ஒன்று திருப்பிக் கொடுத்தாரே, அதுதான் இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத கோல். அவே கோல் கணக்கு இருக்கிறது: மொத்தம் சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்குத்தான் ஜெயம். இன்று நாம் கோலே போடாமல் கோவா 3-0 என்று ஜெயித்தால் மொத்தக் கணக்கு 4-4. வெளியூரில் போட்ட அந்த ஒரு கோலுக்காக அவர்கள் ஃபைனலுக்குப் போய்விடுவார்கள். போன அக்டோபரில் இந்த சீசனின் முதல் ஆட்டத்தில், இதே மைதானத்தில் நம்மை எவ்வளவில் தோற்கடித்தார்கள் தெரியுமா? 3-0.

சென்னையிலிருந்து கோவாவின் வாஸ்கோ போகும் வாராந்திர ரயில் வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. மேட்ச் பார்க்கப் போகிறவனுக்கென்றே போட்ட மாதிரி. கூட வந்தவன் வியாசர்பாடித் தம்பி ஒருவன். கால்பந்து அவன் தெருவில் பிறந்தது என்ற நினைப்பு அவனுக்கு, அதில் பாதி நியாயமும் உண்டு. பெட்டியில் ரெண்டு பேர் மாஸ்க் போட்டிருந்தார்கள். எதிர் சீட்டுக்காரர் கைகுலுக்க வந்தவர் பாதியில் நிறுத்திக் கும்பிடு போட்டார். கொரோனா பேச்சு எங்கேயும் இருக்கிறது.

காலையில் காசில்ராக். இங்கே ரயில் நின்று பிரேக் எல்லாம் பார்த்த பிறகுதான் மலை இறங்குகிறது. 37 அடிக்கு ஒரு அடி சரிவு, கூடுதல் என்ஜின்களின் துணையோடு மெதுவாக, சுரங்கம் சுரங்கமாக நுழைந்து வெளியே வருகிறது. தூத்சாகர் அருவி வந்ததும் எல்லாரும் ஜன்னல் பக்கம் ஓடினார்கள். மார்ச் மாதத்து அருவி, பாறையில் மெலிசாக ஒரு கோடு. பார்க்க வேண்டும் என்றால் மழைக்காலத்தில் வாருங்கள். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, நம்ம ஆளுங்க பத்து பேரையும் பாக்ஸ்ல நிறுத்தி டிஃபென்ட் பண்ணுவாங்களா, ஏறி ஆடுவாங்களா?" என்பதுதான் அவன் கவலை.

ஏறி ஆட வேண்டும் என்பதுதான் என் கட்சி. தைரியத்துக்காகச் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். நாம் ஒரு கோல் போட்டால் அவர்களுக்கு எக்ஸ்ட்ரா டைமுக்கே நான்கு வேண்டும். ரெண்டு போட்டால் அவர்கள் ஐந்து அடித்தாலும் பத்தாது. 6-6 ஆகும், ஆனால் அவே கோல் நமக்கு ரெண்டு, அவர்களுக்கு ஒன்று. ஆறு அடிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கோலும் இங்கே ஒன்றுக்கு மேல் பெறும். பின்னால் உட்கார்ந்து காவல் காத்தால் அந்த 3-0 நோக்கி நாமே நடந்துபோகிறோம்.

நம் கோச் ஓவன் கோயில் (Owen Coyle) அப்படி உட்காரச் சொல்கிற ஆள் இல்லை என்பதுதான் ஆறுதல். இந்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் நாம் ஒரு கோல்கூடப் போடவில்லை. 2018-ல் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் ஜான் கிரிகரி நவம்பர் கடைசியில் விலகினார். டிசம்பரில் கோயில் வந்தார். 2009-ல் பர்ன்லியை பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர். அதே ஆட்களை வைத்துக்கொண்டு 29 புள்ளிகளோடு நான்காவது இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். வால்ஸ்கிஸ் கோலாக அடிக்கிறார், கிரிவெலாரோ பந்தைத் தொட்டாலே ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிகிறது. எட்வின் வான்ஸ்பால் என்ற தமிழ்நாட்டுப் பையன் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறான்.

மறுபக்கம் சும்மா இல்லை. லீகில் 18 ஆட்டத்தில் 39 புள்ளி, முதலிடம். ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய அணி. நடுவில் கோச் லொபேராவை அனுப்பிவிட்டு கிளிஃபர்ட் மிராண்டாவை உட்கார வைத்தார்கள், அதற்காக ஆட்டம் ஒன்றும் படுத்துவிடவில்லை. ஸ்ட்ரைக்கர் கோரோ பாக்ஸுக்குள் அரை அடி இடம் கிடைத்தால் போதும் என்பவர். எனக்கு அவரைவிட கார்னர்தான் பயம். மட்காவ் பையன் பிராண்டன் ஃபெர்னாண்டஸ் தூக்கிப் போட, செனகல்காரர் மூர்த்தாடா ஃபால் எல்லார் தலைக்கும் மேலே எழும்புவார். டிசம்பரில் சென்னையிலேயே 3-4 தோற்றதும் நினைவில் இருக்கிறது.

மட்காவ் ஸ்டேஷனுக்கு வெளியே 'பைலட்' நிற்பார்கள். விமானம் ஓட்டுகிறவர் இல்லை, மஞ்சளும் கறுப்புமான பைக் டாக்ஸிக்காரர். நீல ஜெர்சியைப் பார்த்ததுமே என் பைலட்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாடகை பேசும்போதே மூன்று விரலைக் காட்டினார். முந்நூறு ரூபாயா என்று பதறினேன். "இல்லை இல்லை, இன்னைக்கு கோல்" என்றார் இந்தியில். "2015 ஞாபகம் இருக்கா?" என்று நானும் விட்டுப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றது. ஃபடோர்டா வரை பேச்சே இல்லை.

சென்னைக்காரனுக்கு 2015 எப்போதுமே கொஞ்சம் வேறு. அந்த டிசம்பர் வெள்ளத்தில் ஊர் மூழ்கியிருந்தது, நம் சொந்த மண் அரையிறுதியையே புனேயில் ஆட வேண்டியதாயிற்று. டிசம்பர் 20-ம் தேதி ஃபைனல் இதே ஃபடோர்டாவில். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. ஊரே பட்டாசு வெடிக்கத் தயார். 90-வது நிமிடத்தில் கோல்கீப்பர் கட்டிமணியின் கையாலேயே சொந்த கோல், அடுத்து இஞ்சுரி டைமில் மெண்டோசா. 3-2. விசிலுக்குப் பிறகு நடந்த தள்ளுமுள்ளு போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. பிறகு 2018 அரையிறுதி. இங்கே 1-1, சென்னையில் 3-0. ஜேஜே ரெண்டு, வியாசர்பாடி தன்பால் கணேஷ் ஒன்று. அந்த ஒன்றைத் தம்பி நிமிடத்தோடு சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். ஆக, ஐ.எஸ்.எல். நாக்அவுட்டில் நம்மிடம் கோவா ஜெயித்ததே இல்லை. இதை இங்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது.

மணி ஐந்து தாண்டிவிட்டது. ஸ்டேடியம் பக்கத்துத் தள்ளுவண்டியில் ரோஸ் ஆம்லெட். வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட ஆம்லெட்டின்மேல் தேங்காய் வறுத்து அரைத்த சக்குத்தி குழம்பை முழுகமுழுக ஊற்றி, மேலே நறுக்கிய வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, பக்கத்தில் சூடான பாவ். நம் ஊர் சால்னா மணம்தான், கொஞ்சம் கிராம்பு தூக்கல். வண்டியைச் சுற்றி ஆரஞ்சு ஜெர்சிகள், அப்பா, பிள்ளை, தாத்தா என்று குடும்பம் குடும்பமாக. சால்கோகர், டெம்போ, சர்ச்சில் என்று பெரிய கிளப்புகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. பாவைக் கிழித்துக்கொண்டே ஒரு பெரியவர் என்னிடம், உங்கள் கோச் நல்லவர், ஆனால் முதல் இருபது நிமிடம் தாங்குவீர்களா என்று கேட்டார். சரியான கேள்வி. ஆரம்பத்திலேயே ஒன்று விழுந்தால் பத்தொன்பதாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள், அதன் பிறகு பதினோரு பேர் ஆட்டமாக இருக்காது.

என் கணிப்பு: கோவா 3, நாம் 1. இன்று தோற்போம், மொத்தத்தில் 5-4 என்று உள்ளே போவோம். அந்த ஒரு கோல் இடைவேளைக்கு முன்பே வந்துவிட்டால் என் ரத்த அழுத்தத்துக்கு நல்லது.

ஃபைனலும் அடுத்த சனிக்கிழமை இதே மைதானத்தில்தான். "அண்ணே, இப்பவே ரூம் போட்டுடலாமா?" என்றான் தம்பி. நம் கிளப் சின்னத்திலேயே திருஷ்டி பொம்மை இருக்கிறது, நீயே கண்ணு வைக்காதே, ஆட்டம் முடியட்டும் என்று அதட்டிவிட்டேன். கேன்சல் பண்ணினால் காசு திரும்ப வரும் என்று அவன் மத்தியானமே போட்டுவிட்டானாம். கேட் திறந்துவிட்டார்கள், போய்விட்டு வருகிறேன்.