சண்டர்லாந்தின் காதுகள்

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லாந்தில் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது என் வேலை. எண்பது வயதை ஒட்டிய ஒரு உள்ளூர்க்காரரின் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனின் வரைபடம், கைக்கு வந்தால், அவர் என்ன வேலை செய்திருப்பார் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். தாழ்ந்த சுருதிகளில் கோடு ஓரளவு நன்றாகவே போகும். 2000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் சரியும். 4000 பக்கம் போனால் ஒரே பள்ளம். முதுமையும் உயர்ந்த சுருதிகளைத்தான் முதலில் தின்னும். ஆனால் 4000-ல் விழும் அந்தக் குழி, வருடக்கணக்கில் இரைச்சலில் நின்றவர்களுக்கு வருவது.

என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால் போதும், கப்பல் கட்டும் யார்டின் பெயர் வரும், தொழில் வரும், கட்டிய கப்பல்களின் பெயர் வரும். இரும்புத் தகடு பொருத்தும் பிளேட்டர், வெல்டர், இணைப்புகளைச் செதுக்கி அடைக்கும் கால்க்கர் என்று தொழிலைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காருவார்கள். அப்போது அவர்களை அவசரப்படுத்த எனக்கு மனம் வராது.

சொல்லிக்கொள்ள அவர்களுக்கு நிறையவே இருக்கிறது. இந்த வியர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1346-லேயே கப்பல் கட்டியதற்குப் பதிவு உண்டு. 1840 வாக்கில் 65 யார்டுகள் இருந்தன. 1864-ல் இங்கே கட்டிய ‘சிட்டி ஆஃப் அடிலெய்ட்’ பாய்மரக் கப்பல் இன்றும் ஆஸ்திரேலியாவில் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கட்டிய வணிகக் கப்பல்களின் மொத்த எடையில் கால் பங்குக்கு மேல் இந்த ஊருடையது. 1940-ல் இங்கிருந்து கப்பல் கட்டுபவரான சிரில் தாம்சன் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன வடிவமைப்பிலிருந்துதான், அங்கே 2,700-க்கும் அதிகமான ‘லிபர்ட்டி’ போர்க்காலச் சரக்குக் கப்பல்கள் பிறந்தன.

அதற்கெல்லாம் விலை கொடுத்தது காதுகள். தகடுகளை ரிவெட் ஆணியால் இணைத்த காலத்தில் ஒரு பையன் உலையில் ஆணியைச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் தூக்கிப் போடுவான். ஓட்டைக்குள் செருகிய ஆணியை ஒருவர் இந்தப் பக்கம் அழுத்திப் பிடிக்க, அந்தப் பக்கம் சுத்தியல் இறங்கும். பிறகு வெல்டிங் வந்தது, சத்தம் மட்டும் போகவில்லை. கால்க்கருடைய காற்றுச் சுத்தியல் இருந்ததே! கப்பலின் அடித்தட்டுக்குள், நிமிர்ந்து நிற்க முடியாத இரும்பு அறையில் படுத்துக்கொண்டு வெல்டிங் பிசிறைச் செதுக்க வேண்டும். சுற்றிலும் இரும்பு. சத்தம் வெளியே போக வழியே கிடையாது.

ஒரு கால்க்கர் மனைவியோடு வந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. யார்டில் யாருக்கும் எதுவும் கேட்காது, அதனால் உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசுவார்களாம். வேலை போன பிறகும் அந்தப் பழக்கம்தான் அவரைத் தாங்கியிருக்கிறது. 2020-ல் எல்லோரும் முகக்கவசம் போட்டதும் அதுவும் கைவிட்டது. அந்தச் சமயத்தில்தான் இப்படிப் பலர் முதல்முறையாக எங்களிடம் வந்தார்கள். பேரப்பிள்ளைகள் பேசுவது புரியவில்லை என்பார்கள். மெல்லிய குரலும், ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளும்தான் முதலில் போகும்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்றால் மனம் ஆறும். ஆனால் கப்பல் கட்டிய இன்னொரு ஊரான கிளாஸ்கோவில், 1886-லேயே தாமஸ் பார் என்ற மருத்துவர் கொதிகலன் செய்யும் 100 தொழிலாளர்களைச் சோதித்து, ஒருவருக்குக்கூடக் காது முழுதாகக் கேட்கவில்லை என்று எழுதினார். எல்லாத் தொழிலிடங்களையும் கட்டுப்படுத்தும் இரைச்சல் விதிகள் 1990 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தன. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1988 டிசம்பரில், சண்டர்லாந்தின் கடைசி யார்டுகளை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அரசின் தொழில்சார் செவிட்டுத்தன உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த வேலையை விட்டு ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காது கேட்கவில்லை என்பதைத் தானே ஒப்புக்கொள்ளவே ஒரு மனிதருக்குப் பத்து வருடம் ஆகும்! இந்த விதியை எழுதியவர்கள் ஒரு கால்க்கரையாவது நேரில் பார்த்திருப்பார்களா என்று எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஊர் மாறிவிட்டது. கார் தொழிற்சாலை 1986-லேயே வந்தது. நார்த் சாண்ட்ஸ் யார்டு இருந்த இடத்தில் 1998-ல் தேசியக் கண்ணாடி மையம் எழுந்தது. கீல் சதுக்கத்தில் இந்த ஆற்றில் கட்டிய கப்பல்களின் பெயர்களைத் தரையில் பொறித்திருக்கிறார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கட்டியவர்களின் உடம்பில் பதிந்ததும் இந்த ஊரின் வரலாறுதானே? அது மருத்துவக் கோப்புகளில் ‘இரைச்சல் பாதிப்பு: உண்டு’ என்ற ஒரே வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது.

அதனால் அந்த ஒரு வரியோடு நான் நிறுத்துவதில்லை. எந்த யார்டு, என்ன தொழில், எத்தனை வருடம், காதுக்கு அடைப்பான் கொடுத்தார்களா, எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடியே எழுதி வைக்கிறேன். எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களை முதலில் ஆற்றங்கரைக்கு அனுப்புவேன். அப்புறம் கால்க்கர் என்ன செய்வார், பிளேட்டர் என்ன செய்வார் என்று உட்கார வைத்துச் சொல்வேன். அது தெரியாமல் இந்த ஊர்ப் பெரியவர் ஒருவரின் காதில் ஹெட்போன் மாட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.