கொடுங்கையூர் மண்ணில் செம்மரமா?

வடசென்னையில் மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் எங்களுக்குச் செம்மரம் என்றால் கட்டைதான். பெட்டியில் வேறு சரக்கு என்று எழுதிவிட்டு உள்ளே செம்மரத்தை அடுக்கி அனுப்புவதும், அது துறைமுகத்தில் பிடிபட்டுப் பேப்பரில் வருவதும் பழகிப்போன சேதி. இலை எப்படியிருக்கும் என்று கேட்டால் முழிப்போம்.

நான் இலையைப் பார்த்தது கொடுங்கையூரில், மச்சான் வீட்டுக் கொல்லையில். 'இருபது வருஷத்தில் கோடி' என்று எவனோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கன்று நட்டிருந்தான். ஒரு காம்புக்கு மூன்று இலை, உருண்டையாக, நுனியில் லேசான பள்ளம். பாதி பழுத்துக்கிடந்தது. சோப்புத் தண்ணீர் வேறு.

செம்மரம் ஆந்திராவின் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைக்காரன். கடப்பை, சித்தூர், நெல்லூர் பக்கத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் பெரிதாக இயற்கையாக வளர்வதில்லை. அங்கே பாறைச் சரிவு, சரளை மண், மண்டையைப் பிளக்கிற வெயில். பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். கொடுங்கையூரில் கடப்பாரையைப் போட்டால் ஈரக் களிமண். ஐப்பசி கார்த்திகையில் கால்வாய் நிறைந்தால் கொல்லையே குளம். வேர் அழுகாமல் என்ன செய்யும்? நிழலும் இதற்கு ஆகாது.

கன்றைப் பிடுங்கி, அடியில் ஓட்டை போட்ட டிரம்மில் செங்கல் ஜல்லி, மேலே செம்மண்ணும் மணலும் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். அத்தை பாசத்தில் தினமும் ஊற்றப் பார்ப்பார், அவரைத் தடுப்பதுதான் பெரிய வேலை. இப்போது புதுத் துளிர் விட்டிருக்கிறது.

கோடிக் கதையை நான் நம்பவில்லை. விலை போவது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான சிவப்புக் கட்டைதான், அந்த வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். சொந்த மரமானாலும் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். அரிய உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் 1995லிருந்து இருக்கிறது, அருகிவரும் மரம் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐயூசிஎன்னும் சொல்கிறது. கொலுவில் வைக்கிற மரப்பாச்சி இந்த மரத்தில் செய்ததுதான். அம்மாவின் பழைய ஜோடி கையில் கனமாக இருக்கும், கல்லில் உரசினால் சிவப்பு இறங்கும். இப்போது விற்பதில் பல வெறும் சாயம்.

டிரம்மில் கன்றை ரொம்ப நாள் வைக்க முடியாது. பள்ளிப்பட்டில் சித்தப்பாவுக்கு மேட்டு நிலம் இருக்கிறது, சரளைதான், சித்தூர் மலையும் பக்கம். ஆடி கழிந்து கொண்டுபோகலாம் என்று மச்சான் ஒத்துக்கொண்டான். டெம்போ வாடகை யார் தருவது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.