விமானம் கூடாது என்றார் டாக்டர்: அட்லாண்டிக்கில் ஏழு இரவுகள்

மகளுக்குப் பிரசவத் தேதி ஜூன் கடைசி வாரம். அவள் இருப்பது நியூயார்க்கில். நானும் மனைவியும் ஜூன் நடுவில் லண்டனிலிருந்து விமானம் ஏறுவதாக இருந்தோம். மே முதல் வாரம் என் வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. அவசர அறுவை சிகிச்சை. விழித்திரை ஒட்டிக்கொள்ளும்வரை அதை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். கண்ணில் வாயு இருப்பதைச் சொல்லும் பட்டை ஒன்றை மணிக்கட்டில் கட்டிவிட்டு, வாயு முழுக்கக் கரையும்வரை விமானமே கூடாது என்றார் டாக்டர். உயரம் போகப் போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், வாயுக் குமிழி விரியும், கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம். எனக்குப் போட்ட வாயு கரைய எட்டு வாரம் வரை ஆகுமாம்.

“ஏங்க, கப்பல்ல போக முடியாதா?” என்று கேட்டது மனைவிதான். எனக்குத் தோன்றவே இல்லை. கப்பல் கடல் மட்டத்திலேயே போகிறது, குமிழிக்கு ஒன்றும் ஆகாது. டாக்டரும் சரி என்றார். நடுக்கடலில் கண் நிபுணர் கிடைக்க மாட்டார் என்பதால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு விழித்திரையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வரச் சொன்னார். இப்படி ஒரு நிலையில் கப்பல் ஏறுகிறவர்கள் இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

அட்லாண்டிக்கின் குறுக்கே இன்று முறையாக ஓடும் லைனர், அதாவது குறித்த தேதியில் கடலைக் கடக்கும் பயணிகள் கப்பல், ஒன்றே ஒன்றுதான்: குயின் மேரி 2. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் ஏழு இரவு. ஒருவழிப் பயணத்துக்கும் சீட்டு தருகிறார்கள். ஆண்டு தொடக்கத்தில் உலகச் சுற்றுக்குப் போய்விடும், அதனால் தேதியை முதலில் பார்க்க வேண்டும். விசா, விமானத்துக்கு எது வேண்டுமோ அதேதான். கேபின் எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேட்டு வாங்கினோம். ஆட்டம் அங்கேதான் குறைவு.

துறைமுகத்தில் ஒரு தவறு செய்தேன். கேபின் எண் எழுதிய சீட்டைக் கட்டிப் பெரிய பெட்டிகளை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். கண் சொட்டு மருந்து அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டி கேபினுக்கு வந்தபோது மணி மாலை ஏழு. ஒரு வேளை மருந்து தவறியது. மருந்தும் பாஸ்போர்ட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

முதல் நாள் அமைதி. அவசரகாலப் பயிற்சி, கரையிலிருந்து விலகல், வைட் தீவு மெல்லப் பின்னால் போனது. இரண்டாம் நாள் காலை நான்கு பக்கமும் தண்ணீர்.

குமிழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் அது மேலே மிதந்தாலும் பார்வைக்குக் கீழேதான் தெரியும். அதன் விளிம்பு ஒரு கோடு போல, தலையை அசைத்தால் தளும்பும். மூன்றாம் நாள் மேற்கிலிருந்து நீளமான அலைகள் வந்தன. கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கேபின் சுவர் நேராக நிற்கிறது, கண்ணுக்குள் இருக்கும் கோடு மட்டும் மெதுவாக வலப்பக்கம் சாய்கிறது, நிற்கிறது, இடப்பக்கம் திரும்புகிறது. சாய்வது கோடல்ல, சுவரும் நானும்தான் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம் என் கண்ணுக்குள் இருந்தது. இத்தனை பெரிய கப்பலை இவ்வளவு மெதுவாகத் தூக்கி இறக்குகிறதே இந்தக் கடல் என்று பயத்தைவிட மரியாதைதான் வந்தது.

லைனர் என்பது வேறு இனம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உல்லாசக் கப்பல் நல்ல வானிலையைத் தேடிப் போகலாம், துறைமுகத்தில் ஒதுங்கலாம். லைனருக்குத் தேதி உண்டு, எந்தக் கடலானாலும் கடந்தாக வேண்டும். அதற்காகவே ஸ்டீஃபன் பெயின் இதை வடிவமைத்தார், பிரான்ஸின் சான் நசேரில் கட்டினார்கள், 2004-ல் ஓடத் தொடங்கியது. நீளம் 345 மீட்டர். தண்ணீருக்குள் சுமார் 10 மீட்டர் ஆழம் இறங்குகிறது. அலையைக் கிழிக்க நீண்ட அணியம் (கப்பலின் முன்பகுதி), தடித்த எஃகு உடல், அலை எட்டாத உயரத்தில் உயிர்காப்புப் படகுகள்.

“ஏன் ஏழு ராத்திரி? முன்னெல்லாம் சீக்கிரம் போனாங்கன்னு சொன்னீங்களே” என்றாள் மனைவி. உண்மைதான். 1838-ல் கிரேட் வெஸ்டர்ன் என்ற நீராவிக் கப்பல் 15 நாளில் வந்தது. 1952-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பல் கிழக்கு நோக்கி 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. அன்று வேகம்தான் வியாபாரம். 1958-ல் ஜெட் விமானச் சேவை வந்ததும் அந்தப் போட்டி முடிந்துபோனது. குயின் மேரி 2 நினைத்தால் 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) வேகத்தைத் தொடும், ஆனால் நாங்கள் போனது 20 நாட் வேகத்தை ஒட்டி. வேகத்தை இரண்டு மடங்காக்க எந்திரத்துக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும், எரிபொருள் தாங்காது. தொடக்கத்தில் ஆறு இரவாக இருந்த பயணத்தை ஏழாக்கினார்கள். குறைத்துக்கொண்டது என்று எனக்குப் படவில்லை. அந்த ஏழாவது இரவையும் சேர்த்துத்தான் விரும்பினேன்.

காரணம் கடிகாரம். மேற்கே போகும்போது ஐந்து இரவுகள், தலா ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். “என்னங்க, இன்னிக்கும் ஒரு மணி நேரம் பின்னால வெக்கணுமாம்” என்று மனைவி கைக்கடிகாரத்தைத் திருகும்போதெல்லாம் யாரோ எங்களுக்குத் தூக்கத்தை அள்ளிக் கொடுப்பதுபோல இருக்கும். விமானத்தில் ஒரே மூச்சில் தலையில் இறங்கும் ஐந்து மணி நேரம், இங்கே இரவுக்கு ஒன்றாக உடம்பில் கரைந்தது. கரைக்கு வந்த முதல் இரவே பத்து மணிக்குத் தூங்கிக் காலை ஆறுக்கு எழுந்தேன்.

பகலில் ஏழாம் தளத்தில் நடப்போம். மூன்று சுற்று சுமார் 1.8 கிலோமீட்டர். நடுப்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் இருக்கும் இடத்தையும் வானிலையையும் சொல்வார், நான் வரைபடத்தில் புள்ளி வைப்பேன். விருந்து இரவுகள் இரண்டுக்கும் கோட் போட்டுக்கொண்டு போனேன், அதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. படிப்பது கஷ்டமாக இருந்ததால் நூலகத்தில் மனைவி படித்துக் காட்டினாள்.

ஐந்தாம் நாள் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே மூடுபனி. லாப்ரடார் குளிர் நீரோட்டமும் வளைகுடா வெந்நீரோட்டமும் சந்திக்கும் இடம் அது. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் கடலே இல்லை. விதிப்படி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஊதல். நெஞ்செலும்புக்குள் அதிர்கிற கட்டைக்குரல். இந்தக் கப்பலின் ஊதல்களில் ஒன்று 1936-ல் ஓடத் தொடங்கிய பழைய குயின் மேரியிலிருந்து வந்தது. அந்தப் பனிக்குள் நின்று கேட்கும்போது, இதே வழியில் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று மனம் அங்கேயே நின்றுவிட்டது. அன்றுதான் கண்ணில் கோடு மறைந்து குமிழி உருண்டை ஆகியிருந்தது.

கடைசி நாள் விடியுமுன் தளத்துக்கு ஏறினோம். நியூயார்க் துறைமுக வாசலில் இருக்கும் வெரசானோ பாலம் எதிரே விளக்கு வரிசையாக வந்தது. புகைபோக்கி இடித்துவிடும் என்றே தோன்றியது. சில மீட்டர் இடைவெளியில் நழுவிப் போனோம். அண்ணாந்து பார்த்த கூட்டத்தில் ஒருவர்கூடப் பேசவில்லை. ப்ரூக்ளின் ரெட் ஹுக் துறையில் மருமகன் காத்திருந்தார்.

பேத்தி ஒன்பது நாள் கழித்துப் பிறந்தாள். முதலில் அவளைப் பார்த்தபோது குமிழி கடுகளவில் இருந்தது, அவள் தாடைக்குக் கீழே மிதந்தது. அவள் பிறந்த ஐந்தாம் நாள் காலையில் குமிழியைத் தேடினேன். இல்லை. மணிக்கட்டுப் பட்டையை மனைவி கத்தரித்தாள்.