மழைத்தண்ணீரை வாசலுக்கு வெளியே அனுப்ப நான் பட்ட பாடு

ஐப்பசி பிறந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும் வீடு எங்களுடையது. சென்னையின் தெற்குப் புறநகர், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கம். கட்டும்போது ரோட்டைவிட ஓரடி உயரமாக இருந்த தரை, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு இப்போது பள்ளத்தில் இருக்கிறது. 2015 வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி ஊரே முழுகுகிற மழையைப் பற்றி நான் பேசவில்லை. சாதாரணமாக ஒரு ராத்திரி அடித்துப் பெய்தாலே பக்கத்துச் சந்தில் கணுக்கால் வரை தண்ணீர் நின்று, படுக்கையறைச் சுவரின் அடியில் உப்புப் பூத்து பெயிண்ட் உரிந்தது, அந்தக் கதை.

முதலில் வந்த காண்ட்ராக்டர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "சுத்தி ரப்பிஷ் கொட்டி ஏத்தி, பேவர் பிளாக் போட்டுட்டா தண்ணி எங்க சார் நிக்கும்?" போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன், நேராகச் சுவரைப் பார்த்து ஓடி அங்கேயே தேங்கியது. கேட்டால் "செட்டாக கொஞ்ச நாள் ஆகும் சார்" என்கிறார், அப்புறம் போனே எடுக்கவில்லை. போதாக்குறைக்கு, தரையை ஏற்றியதில் பிளிந்த் பீமுக்கு (சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் பட்டை) மேலே வரை மண் வந்துவிட்டது; ஈரம் நேராகச் செங்கல்லுக்குள் ஏற வழி செய்து கொடுத்த மாதிரி. தயவு செய்து கடைசித் தவணைப் பணத்தை ஒரு மழை பார்த்த பிறகு கொடுங்கள், மழை இல்லையென்றால் பக்கெட்டாவது கொட்டிப் பாருங்கள்.

அடுத்து வந்த வயதான மேஸ்திரி தரையைப் பார்க்கவே இல்லை, அண்ணாந்து பார்த்தார். "மாடித் தண்ணி எங்க சார் போகுது?" போனது சந்துக்குத்தான், சுவரை ஒட்டியே பைப் முடிகிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் வரும். ஒரு முழு தண்ணீர் லாரியை அஸ்திவாரத்தின் பக்கத்தில் திறந்துவிடுவதற்குச் சமம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ரோட்டை மட்டும் திட்டிக்கொண்டிருந்தோம்.

2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழி ஒன்று இருந்தது. களிமண் பூமியில் நாலடிக் குழி என்ன உறிஞ்சும்? நிரம்பி அப்படியே நின்றது. கீழே மணல் வருகிற வரை துளை போட்டு இறக்கினால்தான் பிரயோஜனம் என்றார் மேஸ்திரி.

சுவரோரம் பிளாக்கைப் பெயர்த்து, மண்ணை வெட்டி, வெளிப்பக்கம் சரிவாகத் திரும்பப் போட்டோம். மாடி பைப்புகளை எல்லாம் ஆறு இன்ச் பிவிசியில் சேர்த்து காம்பவுண்ட் சுவரோரமாக முன்பக்கத் தொட்டிக்குக் கொண்டுவந்தாயிற்று. பத்தடிக்கு ஒன்றேகால் இன்ச் வாட்டம், அதாவது சரிவு. ஆள் கண்ணால் பார்த்து "சரியா இருக்கு" என்றால் நம்பாதீர்கள், லெவல் டியூப் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு நடுவில் ஓரிடத்தில் அரை இன்ச் மேடு தட்டியது அதில்தான் தெரிந்தது.

தொட்டியிலிருந்து தெருவின் மழைநீர் வடிகாலில் சேர்க்க அனுமதி வேண்டுமே, அங்கேதான் உயிர் போனது. "ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஃபீல்டுக்குப் போயிருக்காரு." அடுத்த முறை சொத்து வரி ரசீது, அதற்கடுத்த முறை வீட்டு பிளான். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனால் "ரோடு எங்களுது, கால்வாய் வேற செக்ஷன்" என்று கிளார்க் கையை விரித்தார். ஆன்லைனில் போட்ட புகார் 'தீர்வு காணப்பட்டது' என்று மூடப்பட்டது, ஆதாரமாக வைத்த போட்டோ எங்கள் தெருவே இல்லை! கடைசியில் வேலை செய்தது காகிதம்தான். தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட மனு, தண்ணீர் நிற்கும் போட்டோக்கள், நகலில் சீல். சீல் வாங்காமல் வராதீர்கள். ஆட்கள் வந்து வடிகால் மேலிருந்த ஸ்லாப்பைத் தூக்கினால் உள்ளே யாரோ வீடு இடித்த கட்டடக் கழிவும் கேபிள் சுருளும். அள்ளிய அன்றே தெரு பாதி வடிந்தது. அனுமதியும் கிடைத்தது, மழைத்தண்ணீர் மட்டும் என்ற நிபந்தனையோடு. குளியலறைத் தண்ணீரைச் சேர்த்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, வடிகால் நிரம்பினால் அது உங்கள் வீட்டுக்குள்தான் திரும்பும். பைப் முனையில், தண்ணீரை வெளியே மட்டும் விட்டு உள்ளே திரும்ப விடாத 'நான்-ரிட்டர்ன்' வால்வு போட்டே ஆக வேண்டும். தொட்டியில் அரை ஹெச்பி பம்ப்பும் வைத்திருக்கிறோம், ஆனால் பம்ப் தேவைப்படுகிற நேரத்தில் கரண்ட் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். வீட்டுக் குடிநீர் சம்ப்பின் (நிலத்தடித் தொட்டி) மூடியை இந்தச் சாக்கில் ஒன்பது இன்ச் உயர்த்திவிட்டோம்.

இந்த மழைக்கு சந்து காய்ந்தே கிடக்கிறது, ஒரு மூலையைத் தவிர. அது பக்கத்து வீட்டு சன்ஷேட் தண்ணீர். "பைப் வச்சுத் திருப்பி விடுங்கண்ணே" என்றால் "பாத்துக்கலாம் தம்பி" என்கிறார். பைப், எல்போ, கிளாம்ப் எல்லாம் நானே வாங்கி வைத்துவிட்டேன். பிளம்பர் வருகிற அன்று அண்ணன் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.